பாரம் இறக்கும் பாட்டு

(நமது சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவார்கள், வணிகத்தைப் பற்றிப் பேசுவார்கள், கட்டட நிதியைப் பற்றிக் கட்டாயம் பேசுவார்கள். நமக்குத் தரப்பட்டிருப்பது பாட்டு. மன அழுத்தம் குறைய இசை கேட்பது என்று நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு முன்வரிசையில் இருக்கும் சில பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நாமும் பார்த்தோம். ஆகவே முதலில் அவர்களுக்கு ஒரு வார்த்தை.

இசை கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே நிற்கவில்லை. அதற்கு ஆலிம் பெருமக்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குள்ளும் பல கருத்துகள் உண்டு. திருக்குர்ஆன் ஓதுவதை இசைக் கணக்கில் சேர்க்கவும் மாட்டோம். அது வணக்கம், அதன் இடம் வேறு. நம் அவையில் தஃப் தவிர வேறு கருவி இல்லாத நஷீத் மட்டும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாகூர் ஹனிபாவோடு நின்றுகொண்டவர்கள் இருக்கிறார்கள். இளையராஜா இல்லாமல் காரைக் கிளப்பாதவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இந்த மூன்று வகையினரும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். இன்றைய பேச்சு அந்த வீட்டைப் பற்றியது. அவரவர் தமக்கு ஆகுமென்று கருதுவதை வைத்துக்கொண்டு கேட்கலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1111ஆம் ஆண்டில் மறைந்தவர்கள். அவர்களுடைய ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற பெருநூலில் பாட்டுக் கேட்பதன் ஒழுங்குகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. எந்தக் கேட்டல் ஆகும், எது ஆகாது, எந்த நோக்கத்தோடு, எந்தக் கூட்டத்தோடு என்று நுணுக்கமாகப் பிரித்துப் பேசும் பகுதி அது. அதில் ஒட்டகத்தைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. பாலைவனத்தில் ஒட்டகக்காரன் பாடுவான். அந்தப் பாட்டைக் கேட்டதும், மந்த புத்தியுள்ள விலங்கென்று நாம் நினைக்கும் ஒட்டகத்துக்கும் முதுகிலுள்ள பாரம் லேசாகத் தோன்றுகிறது, நெடுந்தூரம் குறுந்தூரமாகிறது. இது வரைக்கும் நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அதை ஒட்டி வரும் கதைதான் நமக்கு வேண்டியது.

ஒருவர் பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்கு விருந்தாளியாகப் போகிறார். அங்கே ஓர் அடிமை கட்டிப்போடப்பட்டிருக்கிறான். வாசலில் ஒட்டகங்கள் செத்துக் கிடக்கின்றன. காரணம் கேட்டால் கூடாரத்துக்காரர் சொல்கிறார்: இவனுக்கு அருமையான குரல், ஒட்டகங்கள் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றிப் பாடிக்கொண்டே ஓட்டினான், மூன்று நாள் பயணத்தை ஒரே இரவில் முடித்துவிட்டன, சுமையை இறக்கியதும் ஒன்றைத் தவிர மற்றவை விழுந்து மாண்டுபோயின.

பாட்டின் வலிமையைக் காட்டத்தான் இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். நமக்கென்னவோ அந்த ஒட்டகங்களின் நினைவுதான் வருகிறது. பாட்டு அவற்றின் களைப்பைப் போக்கவில்லை. களைப்பை அவற்றுக்குத் தெரியாமல் மறைத்தது. சுமை அப்படியே இருந்தது.

ஒரே பாட்டு இரண்டு வேலையும் செய்யும். சுமையோடு நம்மை ஓட வைக்கும். சுமையை இறக்கி வைக்கவும் செய்யும். நாம் தினமும் கேட்பது எந்தக் கேட்டல் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

நம் மக்கள் பிழைக்கும் பிழைப்பைப் பாருங்கள். இருபத்து நான்கு மணி நேர உணவகம் நடத்துபவர்கள் நம்மில் எத்தனை பேர்! இரவு இரண்டு மணிக்கு நான்கு மேசை ஒரே சமயத்தில் நிறைகிறது. தே தாரிக் ஆற்றுபவரின் தோள், ரொட்டி சானாய் வீசுபவரின் மணிக்கட்டு, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் முதுகு எல்லாம் அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் போகும் துள்ளல் பாட்டின் தயவில்தான் ஓடுகின்றன. ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகள் காதில் ஒரு கம்பியை மாட்டிக்கொண்டு தட்டுக் கழுவுகிறார்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருபவர்கள் தினமும் எத்தனை பாட்டுக் கேட்கிறார்கள் என்று எண்ணவே வேண்டியதில்லை. நெரிசல் முடியும் வரைக்கும் பாட்டு. கிரேப் ஓட்டுபவர், மஸ்ஜித் இந்தியாப் பகுதியில் துணிக்கடையில் நின்றே பொழுதைக் கழிக்கும் பெண், எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, எல்லாருக்கும் பின்னால் ஏதோ ஒன்று பாடிக்கொண்டே இருக்கிறது. இதெல்லாம் ஒட்டகக்காரன் பாட்டு. அது தவறென்று சொல்ல மாட்டோம். அது இல்லாவிட்டால் அந்த இரவு நகராது. ஆனால் வீட்டுக்கு வந்து, “நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டேன், மனசு லேசாகவே இல்லையே” என்று சொன்னால், லேசாகாது. அந்தப் பாட்டு அதற்கானதில்லை.

நம் முன்னோர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. அவர்கள் ரஜூலா கப்பலில் வந்தவர்கள். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று போய்வந்தது. அந்த போர்ட் சுவெட்டன்ஹம்தான் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. இராமநாதபுரம், நாகூர், தென்காசிப் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் தகரப் பெட்டியில் கைலியும் மருந்தெண்ணெயும் இருந்தன. பாட்டைப் பெட்டியில் வைக்க முடியாது. அதை மனத்தில் கொண்டுவந்தார்கள். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள், சீறாப்புராணத்தின் சில பகுதிகள், மௌலூது, பைத்து, முனாஜாத்து. குணங்குடியார் 1792இல் தொண்டிக்கு அருகே பிறந்து 1838இல் சென்னையில் மறைந்தவர். அவர் பாட்டு இந்த நாட்டில் மூட்டை தூக்கியவர்களின் வாயிலும் வாழ்ந்தது.

மௌலூது மஜ்லிஸ் எப்படி நடந்தது என்று மூத்தவர்களைக் கேளுங்கள். கடையை அடைப்பார்கள். குளித்துவிட்டு வெள்ளைக் கைலி உடுத்துவார்கள். ஊதுபத்தி ஏற்றிப் பாயில் எதிரெதிரே உட்காருவார்கள். ஒரு பக்கம் எடுத்துக்கொடுக்க மறு பக்கம் வாங்கிக்கொள்ளும். நல்ல குரல் உள்ளவரும் கட்டைக் குரல் உள்ளவரும் கலந்துதான் ஓதினார்கள். முடிந்ததும் துஆ, பிறகு நெய்ச்சோறு. அந்த இரண்டு மணி நேரம் யாரும் எதையும் விற்கவில்லை, எதையும் எண்ணவில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கடையின் மேல்மாடியில் பத்துப் பேரோடு படுத்துறங்கிய மனிதனுக்கு அந்தப் பாயில்தான் சுமை இறங்கியது. மன அழுத்தம் என்ற சொல் அன்று புழக்கத்தில் இல்லை. அவர்கள் அதை ‘நெஞ்சுப் பாரம்’ என்றார்கள். அதுதான் நல்ல சொல் என்று நமக்குப் படுகிறது.

பிறகு ஹனிபா வந்தார். 1925 டிசம்பர் 25இல் பிறந்து 2015 ஏப்ரல் 8இல் மறைந்த இசைமுரசு நாகூர் இ.எம்.ஹனிபா. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பாடியவர். அவரை நேரில் கேட்டவர்கள் ஒலிவாங்கியைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பார்கள். அவருக்கு அது அவசியமில்லை என்பார்கள். அத்தனை ஓங்கிய குரல் எப்படி மனத்தைத் தணிக்கும் என்று இளையவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெல்லிய குரல்தான் ஆறுதல் தரும் என்று நினைக்கிறோம். ஆனால் இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அந்தப் பெரும்புகழ் பெற்ற பாடலைக் கவனித்தால், குரல் உயர்ந்தாலும் நடை விரையாது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு மூச்சு விட இடம் இருக்கும். அழுவதற்கு வெட்கப்படும் ஆண்களுக்கு, தங்களுக்காக வேறொருவர் உரக்கக் கேட்பதைப் போல அந்தக் குரல் இருந்தது. நம் உணவகங்களில் அதிகாலையில் கடை கழுவும் நேரத்தில் முதல் கேசட்டாக அவர் ஏன் ஒலித்தார் என்பது அந்த நேரத்தில் விளக்குமாறு பிடித்தவர்களுக்குத் தெரியும். மாற்று மதத்தவர் கடைகளிலும் அவர் ஒலித்தார் என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். அதே நன்றியைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும்: ஷேக் சின்ன மௌலானா என்ற நாதஸ்வரக் கலைஞர் 1924இல் ஆந்திரத்தின் கரவதியில் பிறந்தவர்; தஞ்சை பாணியைக் கற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். நம்மவர் ஊதிய ராகம் எத்தனையோ பேருடைய வீட்டு விசேஷங்களுக்கு மங்கலமாக இருந்தது. பாட்டுக்கு வேலி போடுவது அவ்வளவு எளிதில்லை.

இந்த மண்ணின் பாட்டுக்கு வருவோம். 1946 ஏப்ரல் 1இல் ரேடியோ மலாயா தொடங்கிய காலம் முதல் தமிழுக்கு இங்கே வானொலியில் இடம் உண்டு. பின்னாளில் வானொலி ஆறு. இன்று மின்னல் எஃப்எம். ஒரு வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி என்றிருந்த காலத்தில் தமிழ் நேரம் முடிந்தால் மலாய் நேரம். பெட்டியை அணைக்க மாட்டார்கள். அப்படித்தான் பி.ரம்லி நம் வீட்டுக்குள் வந்தார். 1929இல் பினாங்கில் பிறந்து, 1973இல் 44 வயதில் கோலாலம்பூரில் மறைந்த அந்த மகத்தான கலைஞரின் பாட்டில், நம் காதுக்கு ஏதோ பழகிய வாசனை அடிக்கும். அது தற்செயலன்று. 1950இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கியவர் எல்.கிருஷ்ணன் என்ற தமிழர். அன்றைய மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஜொகூரின் மலாய் கஸல் குழுவைப் பார்த்திருக்கிறீர்களா? காம்புஸோடு ஆர்மோனியமும் தபேலாவும் உட்கார்ந்திருக்கும். செத்தாபாக்கில் ஜாலான் டெடாப்பில் ரம்லி வாழ்ந்த வீடு 1986 முதல் நினைவில்லமாக இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தாத்தா எதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

இனி, வீட்டுக்குள் நடக்கும் சண்டை. அதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பு முடியாது.

அத்தாவுக்கு 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா. அத்தாவின் அத்தாவுக்கு அதுவே புதுக்கூச்சல், அவருக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி. மகனுக்கு 1992இல் ‘ரோஜா’ தந்த ஏ.ஆர்.ரஹ்மானே பழைய ஆள். பேரனின் காதில் என்ன ஒலிக்கிறது என்று யாருக்கும் தெரியாது; அவன் காதை அடைத்து வைத்திருக்கிறான். “இதெல்லாம் ஒரு பாட்டா, காது கிழியுது” என்பது தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் மாறாமல் வரும் ஒரே வசனம். இந்தச் சண்டைக்கு நம் நாட்டிலேயே ஓர் அழகான சாட்சி இருக்கிறது. 1980இல் ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் ‘மடை திறந்து’ என்று பாடினார். 2006இல் நம் கோலாலம்பூரின் யோகி பியும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பில் அதே பாட்டை எடுத்து அதன் மேல் தங்கள் சொல்லடுக்கை ஏற்றினார்கள். அப்பாக்கள் முகம் சுளித்தார்கள், பிள்ளைகள் துள்ளினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிறகு 1980ஆம் ஆண்டுப் பாட்டைத் தேடிப் போய்க் கேட்டார்கள். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அப்பாவும் மகனும் சேர்ந்தே கேளுங்கள். எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். “உனக்கு இதில் எந்த இடம் பிடிக்கும்?” என்று மட்டும் கேளுங்கள். பதினேழு வயதுப் பிள்ளையிடம் “உன் மனசுல என்ன?” என்று கேட்டால் பதில் வராது. பாட்டில் எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டால் பேசுவான். அவன் காட்டும் இடத்திலேயே அவன் மனத்தில் இருப்பது பாதி தெரிந்துவிடும். பெண் பிள்ளைகள் இன்னும் விரைவாகப் பேசுவார்கள், நாம்தான் கேட்பதில்லை.

எஸ்பிபியின் பெயரைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பள்ளிவாசலில் ஜும்ஆ இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். அந்த ஆண்டு செப்டம்பர் 25இல் எஸ்பிபி போய்விட்டார். இரண்டு நாள் நம் மக்கள் அவரை மட்டுமே கேட்டார்கள். அவருக்காக அழுதோமா, அந்த ஆண்டு அழாமல் வைத்திருந்த எல்லாவற்றுக்காகவும் அழுதோமா? பல வீடுகளில் மையித்துக்குக்கூடப் போக முடியாத நிலை இருந்த ஆண்டு அது.

சரி, பாட்டு உடலுக்கு உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா? நம் மார்க்க வரலாற்றிலேயே இதற்கு ஒரு பழைய மருத்துவமனை சாட்சி சொல்கிறது. துருக்கியின் எடிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1484 முதல் 1488 வரை பள்ளிவாசல், மதரஸா, மருத்துவமனை எல்லாம் அடங்கிய ஒரு வளாகத்தைக் கட்டினார். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பயணி எவ்லியா செலெபி, மனநோயாளிகளுக்காகப் பத்து இசைவாணர்கள் நியமிக்கப்பட்டு வாரத்துக்கு மூன்று நாள் பாடியும் வாசித்தும் வந்ததை எழுதி வைத்திருக்கிறார். குவிமாடத்தின் நடுவே ஒரு நீரூற்று. சுற்றிலும் நோயாளிகளின் அறைகள். தண்ணீர் விழும் சத்தமும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அந்தக் கட்டடம் இன்று நலவியல் அருங்காட்சியகமாக இருக்கிறது. உம்ராவை முடித்துத் துருக்கியும் பார்த்துவரும் நம் குடும்பங்கள் இஸ்தான்புல்லில் கடைத்தெருவோடு திரும்பிவிடாமல் இதையும் ஒரு நாள் பார்க்கலாம்.

இக்காலத்து ஆய்வுகளில் நம் மனத்தில் தங்கியது ஒன்றுதான். 2006இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ‘ஹார்ட்’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்டது. 24 பேரைப் படுக்க வைத்து ஆறு விதமான இசையைக் கேட்கச் செய்தார்கள். ராப்பும் இருந்தது, மேற்கத்திய செவ்வியலும் இருந்தது, நம் இந்திய ராகமும் இருந்தது. மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் அளந்தார்கள். விரைந்த இசைக்கு மூன்றும் கூடின. மெதுவான இசைக்கு இறங்கின. ராகத்தில் நன்றாகவே இறங்கியது. கேட்பவருக்கு அந்த வகை பிடிக்குமா பிடிக்காதா என்பதைவிட அதன் வேகம்தான் உடலை ஆட்டுவித்தது. ஆனால் அவர்கள் எதிர்பாராதது வேறு. இடையில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியிருந்தார்கள். அந்த மௌனத்தில்தான் உடல் அதிகமாகத் தளர்ந்தது. இசை தொடங்குவதற்கு முன்பிருந்த அளவையும்விடக் கீழே இறங்கியது.

இதைப் படித்தபோது கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாதான் கண்முன் வந்தது. தீபாவளிக்கு முன் அந்தத் தெருவில் கடைக்குக் கடை ஒரு பாட்டு. எதையும் கேட்க முடியாது, எல்லாம் கேட்கும். அதே தெருவில் நம் பள்ளிவாசல் இருக்கிறது. அதிலிருந்து பாங்கு எழும்போது சில கடைகளில் யாரும் சொல்லாமலே ஒலியைத் தணிப்பார்கள். கடைக்காரர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. அந்த மூன்று நான்கு நிமிடம் தெருவின் தோளே இறங்குவதை நின்று கவனித்தவர்களுக்குத் தெரியும். பாங்குக்குத் தரும் மரியாதை முதன்மையானது. நம் நரம்புக்குக் கிடைக்கும் ஓய்வு அதன் கூடவே வரும் பரக்கத்து. நாள் முழுக்கப் பாட்டு ஓடும் நம் உணவகங்களிலும் பாங்கு நேரத்தில் இதை விடாமல் செய்கிறோமா என்று முதலாளிமார் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

பிரிக்பீல்ட்ஸிலும் இதே பாடத்தைப் பார்க்கலாம். 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியா என்று திறந்து வைக்கப்பட்ட ஜாலான் துன் சம்பந்தனில் ஒலிபெருக்கிகளின் போட்டி. இரண்டு நிமிடம் நடந்து ஜாலான் தம்பிப்பிள்ளைப் பக்கம் திரும்பினால் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள். 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவர்களில் பலர் அங்கே பயிற்சி பெற்றவர்கள். அவர்களின் அறைகளில் வானொலி இருந்தாலும் மிகத் தாழ்வாகத்தான் ஒலிக்கும். காதாலேயே உலகத்தைப் பார்ப்பவர்கள் காதை வீணடிப்பதில்லை.

காதைப் பற்றி ஒரு வார்த்தை பெற்றோருக்கு. காதுக்குள் மாட்டும் கருவியில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்டால் 80 டெசிபல் வரைதான் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு, 75. பிள்ளை காதில் மாட்டியிருக்கும் பாட்டு பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் கேட்கிறது என்றால் அது அதிகம். இப்போதெல்லாம் கைப்பேசியே அளவைக் காட்டுகிறது, பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில சுமைகளைப் பாட்டு இறக்காது. தூக்கமே வராமல் வாரக்கணக்கில் கிடப்பவர், பிடித்த பாட்டும் பிடிக்காமல் போனவர், உயிரோடு இருந்து என்ன என்று பேசுபவர் நம் வீட்டில் இருந்தால், பாட்டுப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரவு எந்த நேரமும் பேசுவதற்கு பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு கிள்ளான் பள்ளத்தாக்கில் 1970 முதல் இயங்குகிறது. எண் 03-7627 2929. ஈமான் குறைந்ததால் வரும் நோய் என்று சொல்லி நம் பிள்ளைகளை வாய் மூட வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது இந்தப் பொன்விழாவோடு போகட்டும்.

கடைசியாக, நம் பெண்மக்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டோம்.

மௌலூது ஓதிய ஆண்களைப் பற்றிச் சொன்னோம். பெண்கள் எங்கே சுமையை இறக்கினார்கள்? அடுப்படியில், தொட்டிலுக்குப் பக்கத்தில், மருதாணி இரவில். மாலைப் பாட்டுகளும் தாலாட்டுகளும் திருமண வீட்டுப் பாட்டுகளும் அவர்களிடம்தான் இருந்தன. கணவன் கடல் கடந்து இருந்த காலத்தில் பத்து ஆண்டு ஊரில் தனியே பிள்ளை வளர்த்த பெண்ணுக்கு, பிறகு இங்கே வந்து மொழி புரியாத ஊரில் அடுக்குமாடியில் அடைந்து கிடந்தவளுக்கு, அந்தப் பாட்டைத் தவிர வேறு யார் துணை? ஹனிபாவின் குரல் இசைத்தட்டில் இருக்கிறது. ரம்லியின் வீடே நினைவில்லம் ஆகிவிட்டது. நம் நன்னிமார் பாட்டு எதிலும் இல்லை. எண்பதைத் தாண்டிய சிலருடைய நெஞ்சில் மட்டும் இருக்கிறது. பாடச் சொன்னால், “போடா, எனக்கென்ன தெரியும்” என்பார்கள். பேரனைத் தூங்கவைக்கும்போது தன்னையறியாமல் பாடுவார்கள்.

அந்த நேரத்தில் கைப்பேசியைப் பக்கத்தில் வையுங்கள். அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். தம் குரல் வெளியே போக வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதை மதியுங்கள். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், சொற்களை மட்டுமாவது எழுதி வையுங்கள். நடுவில் வரிகள் மறந்துபோனால் பரவாயில்லை, இருமல் வந்தாலும் பரவாயில்லை, அழித்துவிட்டு மறுபடி பாடச் சொல்லி வதைக்க வேண்டாம். எந்த ஊர்ப் பாட்டு, யாரிடம் கேட்டுப் பழகியது, எப்போது பாடுவார்கள் என்று மூன்று கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நன்னி என்றாலும் ராதிமா என்றாலும் உம்மும்மா என்றாலும் உங்கள் வீட்டில் எப்படி அழைப்பீர்களோ அந்த முறையோடே அவர் பெயரையும் குறித்து வையுங்கள்.

சம்மதம் உள்ளவர்களின் பதிவுகளை வாங்கிப் பாதுகாக்கச் சங்கத்தின் மகளிர் பகுதியினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ரபீஉல் அவ்வல் மாதத்துக்குள் கொண்டுவந்து கொடுத்தால் போதும். நோயுற்றிருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வார இறுதியிலேயே உட்காருங்கள்.

வஸ்ஸலாம்.